தூக்கிய கை

காருக்குள்ளேயே உடை மாற்றிக்கொள்கிறார் எம்.எல்.ஏ.வும் ஆன வக்கீல். சட்டமன்றத்துக்கு வெள்ளைச் சட்டை போதும். நீதிமன்றம் என்றால் அதன்மேல் கறுப்பு அங்கி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று ஓடுகிறவர் என்பதால், நிற்கிற இடம் வாய்க்கு மறந்துபோகும். நீதிபதியைப் பார்த்து "பேரவைத் தலைவர் அவர்களே" என்பார். வீட்டுச் சாப்பாட்டில் உப்புக் குறைந்தால், "ஆட்சேபிக்கிறேன்" என்பார்.

"ஓட்டெடுப்பு வச்சிக்கலாமா? இங்க நான்தான் மெஜாரிட்டி" என்பாள் மனைவி.

அங்கி, நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருக்கும் தையற்காரர் தைத்தது. பேசும்போது வக்கீல் வலது கையை வீசுவார் என்று அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் தளர விட்டிருந்தார். கேட்காமலே உள்ளே ஒரு பையும் வைத்திருந்தார்.

இன்று வக்கீல் வாதாடுவது அந்தத் தையற்காரருக்காகத்தான். கடையைக் காலி செய் என்கிறார் கட்டட உரிமையாளர். காரணம் சொல்லத் தேவையில்லை என்கிறது புதுச் சட்டம். அந்தக் கடை போனால் தையற்காரருக்கு வேறு பிழைப்பு கிடையாது.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு இளம்பெண். அவள் எழுந்து பணிவாகச் சொன்னாள்: "இந்தச் சட்டத்துக்கு ஆதரவா சட்டசபையில சீனியரே கை தூக்கியிருக்காருங்க."

நீதிமன்றம் சிரித்தது. "அப்படியா? எதுக்குன்னு சொல்லுங்களேன்" என்றார் நீதிபதி. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றார் வக்கீல். அன்று சபையில் மறுநாள் வழக்கைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. பக்கத்துக் கைகள் எழுந்தன, தன் கையும் எழுந்தது. எதற்கு? சத்தியமாகத் தெரியவில்லை. பொய் சொல்ல வாய் வந்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது. வாய்தா கேட்டார், ஒரு வாரம் கிடைத்தது.

வராந்தாவில் தையற்காரர் கூடவே நடந்து வந்தார். கோபம் இருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். அவருக்கும் குழப்பம்தான்.

"தப்பா நெனைக்காதீங்கய்யா. நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"உங்க பக்கந்தான்யா."

"அப்ப அன்னைக்கு?"

"அன்னைக்கு..." என்று தொடங்கினார் வக்கீல்.

அதற்குள் தையற்காரரின் கண் தொழிலுக்குப் போய்விட்டது. அங்கியின் வலது அக்குளில் தையல் விட்டிருந்தது. சட்டைக் காலரில் குத்தி வைத்திருந்த ஊசியை எடுத்தார்.

"ஒரு நிமிஷங்கய்யா. அந்தக் கையைக் கொஞ்சம் தூக்குங்க."

வக்கீல் வலது கையை அங்கியின் உள்பைக்குள் ஆழமாக நுழைத்துக்கொண்டார்.