மான் கொம்பின் உறை

எனக்குப் பத்து வயதாகும் வரை, நினைவு தெரிந்து அப்பாவை நான் இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். ஓமானில், சோஹாரில் ஓர் அரபி வீட்டில் அவர் டிரைவர். வாரத்துக்கு ஒரு நாள் போனில் வந்து, "சாப்டாச்சா?" என்று கேட்பார். அந்த 'சா'வைக் கொஞ்சம் இழுத்துத்தான் கேட்பார். நான் ஆச்சு என்பேன். எங்கள் உறவு பெரும்பாலும் சாப்பாட்டைச் சுற்றியே நடந்துகொண்டிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்த லீவில், அப்பாவின் முதலாளி எனக்கும் அம்மாவுக்கும் ஒரு மாத விசிட் விசா எடுத்துக் கொடுத்தார். அப்பா அவரை அரபாப் என்பார். வீட்டு மதிலை ஒட்டிய டிரைவர் ரூமில்தான் தங்கினோம். ஒரு கட்டில், ஓயாமல் உறுமும் ஒரு ஏசி, வெளியே கூரைக்கு அடியில் கேஸ் அடுப்பு. அம்மாவுக்கு அதுவே அரண்மனை. ஒரு மாதமும் அப்பா எனக்கே எனக்கு என்று நினைத்துக்கொண்டு போன எனக்கும் முதல் நாள் மதியம் வரை அரண்மனைதான்.

மதியம் ஒரு பெண் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள். என் வயதுதான் இருக்கும். பள்ளிச் சீருடை, தோளில் பை. அம்மாவைப் பார்த்து, "சாப்டாச்சா?" என்றாள். அரபிப் பெண் தமிழ் பேசுகிறாளே என்று அம்மா பூரித்துப்போய் அவள் கன்னத்தைத் தடவினாள். எனக்கு அந்த 'சா' எங்கிருந்து வந்தது என்று உடனே தெரிந்துவிட்டது. பின்னாலேயே வந்த அப்பா, "பாப்பா, இதுதான் என் பொண்ணு" என்று அவளிடம் சொன்னார். என்னைப் பாப்பா என்று கூப்பிடும் ஆள் உலகத்தில் ஒருவர்தான். அந்த ஒருவருக்கு இரண்டு பாப்பாக்கள் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

அவள் அரபாபின் கடைசி மகள். அவள் மழலைப் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து தினமும் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது அப்பாதான். அவளுக்குக் கணக்கு வராது, கோழி பிடிக்கும், வண்டியில் போனால் வாந்தி வரும் என்றெல்லாம் அப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கும் பஸ்ஸில் வாந்தி வரும். அது அப்பாவுக்குத் தெரியுமா என்று யோசித்தேன்.

வீட்டுக்குப் பின்னால் பேரீச்சந் தோப்பு. அதில் கம்பி வலை அடித்து மான்கள் வளர்த்தார்கள். அவள் புட்டியில் பால் கொடுத்து வளர்த்த கிடா மான் ஒன்று குளிர்காலத்தில் செத்துப்போக, அப்பாதான் தோப்பு மூலையில் புதைத்திருக்கிறார். நாங்கள் போன மூன்றாம் நாள், அதன் தலையைத் தோண்டி எடுத்துத் தன் அறைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். அரபாப் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையாட்டினார்.

அன்றிலிருந்து அப்பாவின் மதியங்கள் மானுக்குப் போயின. பழுப்பேறிய மண்டையோட்டைப் பாத்திரம் கழுவும் சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில், கொம்பு நனையாமல் ஊற வைப்பார். மறுநாள் தண்ணீரை மாற்றுவார். கொதிக்க வைத்தால் சீக்கிரம் முடியாதா என்று அம்மா கேட்டதற்கு, கொதித்தால் எலும்பு வெடித்துவிடும், பல் கொட்டிவிடும் என்றார். வளைத்த கம்பியால் மூக்குத் துளைக்குள் இருந்த மண்ணை எடுப்பார். ஊரில் ஆட்டுத்தலை வாட்டின கைதானே, மான் தலைக்கும் வளைகிறது என்று அம்மா சிரித்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மூக்கில் துணி கட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தாடையைத் தேய்த்தபடி அவள் உட்கார்ந்திருப்பாள். நான் போய் நின்றால், "நாத்தம் அடிக்கும், நீ போய் ஏசில உக்காரு" என்று அப்பா அனுப்பிவிடுவார். நாற்றத்தைப் பகிர்ந்துகொள்ளக்கூட எனக்கு உரிமையில்லை. ஜன்னல் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, அவர்கள் அரபியில் பேசிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் அப்பா கொம்பை மெல்லத் திருகினார். அது கழன்று கையோடு வந்துவிட்டது. நான் பதறி வெளியே ஓடினேன். உடைந்துவிட்டது, அப்பாவிடம் அவள் கோபித்துக்கொள்ளப் போகிறாள் என்று எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஆனால் உடையவில்லை. வரிவரியாக, கறுப்பாக வெளியே தெரிவது வெறும் உறைதானாம். உள்ளே வேறொரு குட்டை எலும்பு இருந்தது. இரண்டு உறைகளையும் உள்பக்கம் சுரண்டிக் கழுவி, நிழலில் காய ஜன்னல் திட்டில் வைத்தார். மருந்துக்கடையில் வாங்கிய பெராக்சைடில் மண்டையோட்டைப் போட்டு வெளுக்க வைத்த பிறகு, உறைகளைப் பசை வைத்து மாட்ட வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் ஓர் உறையை எடுத்து, என் பள்ளிக்கூட சாக்ஸுக்குள் நுழைத்து, பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். அது எனக்கு வேண்டும் என்றில்லை. அவளுக்கு இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு நாள் தேடினார்கள். பூனை தூக்கிப் போயிருக்கும் என்று அப்பா மதிலோரம் முழுவதும் பார்த்தார், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் கிளறினார். இரண்டாம் நாள் அரபாப் வந்தார். அவர் சத்தம் போடவில்லை. தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். அப்பா கைகளை முன்னால் கட்டி, தலையைக் குனிந்து நின்றார். லீவில் வந்தால் எங்கள் தெருவே எழுந்து நின்று பேசும் மனிதர் அவர். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள் ஓடிவந்து அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பாவிடம், "மாஃபி முஷ்கில், பாபா, மாஃபி முஷ்கில்" என்று கெஞ்சினாள். பரவாயில்லை, விடுங்கள் என்று அர்த்தம் என அதற்குள் எனக்குத் தெரியும். என் அப்பாவுக்காகக் கெஞ்சுவது என் வேலை. அதையும் அவளே எடுத்துக்கொண்டாள்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அரபாப் போனதும் பெட்டியைத் திறந்து, சாக்ஸோடு கொண்டுபோய் அப்பா கையில் வைத்தேன். அதில் வருத்தத்தைவிட, அவரைக் காப்பாற்றியது நானாக இருக்க வேண்டும் என்ற எண்ணம்தான் அதிகம்.

அப்பா உறையை வெளியே எடுத்துப் பார்த்தார். ஏன் எடுத்தாய் என்று கேட்கவில்லை.

"அவகிட்ட நீயே குடு" என்றார்.

என் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். சோஹாருக்கு வந்த பிறகு அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. தண்டனைக்குப் போகிறோம் என்பது மறந்து, தோப்பு இன்னும் தூரத்தில் இருக்கக் கூடாதா என்று நினைத்தபடி நடந்தேன்.

அவள் மான் வலை ஓரமாக நின்றிருந்தாள். நான் நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னை ஏறிட்டாள். அந்தப் பார்வையில் கோபமோ ஆச்சரியமோ இல்லை. பிறகு அப்பாவிடம் திரும்பி, மெல்லக் கேட்டாள்.

"மத்தா பித்ஸாஃபிர்?"

அப்பா நான்கு விரல்களைக் காட்டினார். அவள் முகம் தெளிந்தது. கொம்பை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். என்ன கேட்டாள் என்று அப்பாவை நச்சரித்தேன்.

"பசை காய எத்தன நாளாகும்னு கேட்டா. நாலு நாள்னேன்" என்றார்.

மறுநாள் உறைகளை ஒட்டினார். மரப்பலகையில் திருகாணியால் மண்டையோட்டை முடுக்கி, அவள் அறையில் கொண்டுபோய் மாட்டிவிட்டு வந்தார். நான் அதைப் பார்க்கவில்லை. நான்காம் நாள், பசை காய்ந்துவிட்டதா என்று கேட்கவும் நேரமில்லாமல் நாங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டோம்.

இப்போது நான் மஸ்கட்டில் ஒரு கிளினிக்கில் ரிசப்ஷனில் இருக்கிறேன். போன வருடம் ஒரு மதியம், ஊரிலிருந்து வந்து தங்கியிருந்த வயதான அத்தையைக் காட்ட ஒரு குடும்பம் வந்திருந்தது. கூட வந்த சிறுவனைத் தவிர எல்லோரும் அத்தையைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் சலித்துப்போய் அத்தையைச் சுட்டிக்காட்டி, தன் அம்மாவின் காதில், எனக்கும் கேட்கும்படி, "மத்தா பித்ஸாஃபிர்?" என்றான். அம்மா அவன் வாயைப் பொத்திவிட்டு, என்னைப் பார்த்து அசடு வழியச் சிரித்தாள். அதற்குள் எனக்கு அரபி போதுமான அளவு தெரியும். இவர் எப்போது ஊருக்குப் போவார் என்று கேட்கிறான். என் விரல்கள் கீபோர்டிலேயே நின்றுவிட்டன.

அன்று அவள் ஓடிப்போன பிறகும் அப்பா கையை இறக்கவே இல்லை. நான்கு விரல்களும் அப்படியே நின்றன. மடக்க மறந்துவிட்டார் என்று நினைத்து, தோப்பிலிருந்து திரும்பும் வழியில் விளையாட்டாக நான்தான் ஒவ்வொன்றாக மடக்கிவிட்டேன்.