வெரிபீயில் தேடிய மில்

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு பிப்ரவரி மாதம். மெல்பர்னின் மேற்குக் கோடியில் இருக்கும் வெரிபீக்கு நாங்கள் குடிவந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கணவருக்கு நகரத்துக்குள் வேலை. காலை ரயிலில் போனால் மாலை ஏழு மணிக்குத்தான் திரும்புவார். மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பகல் முழுக்க நானும் ஒரு புது வீடும்தான்.

அன்று வேலைக்கு விண்ணப்பிக்க நூலகத்தில் சில தாள்களை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, ரயில் நிலையத்தை ஒட்டிய பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். மணி ஒன்று. வெயில் நாற்பது டிகிரியைத் தொட்டிருந்தது. நிறுத்தத்தில் என்னைத் தவிர யாருமில்லை. அப்போதுதான் அந்தப் பெரியவர் வந்தார்.

எண்பது வயது இருக்கும். வெள்ளைக்காரர். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒரு மெல்லிய புத்தகம். சுற்றுலா வருபவர்களுக்கு ஊரைப் பற்றிச் சொல்லும் கையேடு அது. வரைபடம் இருந்த பக்கத்தை வெளியே மடித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "எக்ஸ்க்யூஸ் மீ, லவ்" என்றார். திடுக்கிட்டுப் போனேன். இங்கே வயதானவர்கள் யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வரைபடத்தில் ஓர் இடத்தை விரலால் தட்டி, பழைய மில்லுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அந்த மில் இப்போது மியூசியமாம். அதை ஒட்டி ஒரு டீக்கடை. அங்கே அவருடைய மனைவி இரண்டு மணிக்குக் காத்திருப்பாராம்.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் நான்தான் மற்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த பஸ், எந்த கவுன்டர், எந்தப் படிவம். என்னிடம் ஒருவர் வழி கேட்டது அதுதான் முதல் தடவை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "வாங்க, தேடிப் பார்க்கலாம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். சொல்லி முடிக்கும்போது என் பஸ் வந்தது. அதையும் விட்டுவிட்டேன்.

முதலில் வரைபடத்தில் அந்த மில் இருந்த தெருவின் பெயரைப் போனில் தேடினேன். பக்கத்தில் எங்குமே அப்படி ஒரு தெரு இல்லை என்றது. நியாயமாக அங்கேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீடு இருக்கும் தெருவே அப்போது போனில் வராது. புதிதாகப் போட்ட மனைப்பிரிவு. சாமான் கொண்டு வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் வழி தெரியாமல் கூப்பிடுவார்கள். அதனால் போன்தான் தப்பு, அச்சிட்ட புத்தகம்தான் சரி என்று முடிவு கட்டினேன். அதோடு, கையில் வரைபடத்தோடு நிற்கும் ஒரு வெள்ளைக்காரருக்குத் தெரியாத ஊரா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது?

வரைபடத்தில் ரயில் நிலையம் இருந்தது. கண்ணெதிரே ரயில் நிலையம் இருந்தது. வரைபடத்தில் ஸ்டேஷன் எதிரே கடைத்தெரு, அதைத் தாண்டி ஒரு தேவாலயம், அப்புறம் ஒரு கால்வாய், பாலம். இங்கேயும் கடைத்தெரு இருந்தது. தேவாலயமும் தென்பட்டது. கால்வாய் மட்டும் தெரியவில்லை, ஆனால் ஊருக்குள் ஓர் ஆறு ஓடுவது எனக்குத் தெரியும். அதைத்தான் கால்வாய் என்று போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து நடக்கத் தொடங்கினேன்.

ஆற்றங்கரைக்குப் போனபோது குழப்பம் தொடங்கியது. புத்தகத்தில் தண்ணீர் இடது பக்கம். இங்கே வலது பக்கம். புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். அப்போது தண்ணீர் சரியாக வந்தது, ரயில் நிலையம் எங்கோ போய்விட்டது. பெரியவரும் எட்டிப் பார்த்தார். ஊர் நிறைய மாறிவிட்டது, புத்தகம் போட்டவர்கள் சரியாகப் போடவில்லை என்றார். நானும் ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் புத்தகத்தைக் குறை சொல்லிக்கொண்டே நடந்தோம்.

நான் ராஜபாளையத்துக்காரி. மில் என்றால் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. புகைபோக்கி இல்லாமல் பழைய மில் இருக்காது, அது இரண்டு மைல் தள்ளியே கண்ணில் படும் என்று தோன்றியது. அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ஆமா, ஆமா, பெரிய புகைபோக்கி! செங்கல்லில் கட்டினது!" என்று கையை உயர்த்திக் காட்டினார். அவரே உறுதி சொன்ன பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் மிச்சமில்லை. தூரத்தில் மரங்களுக்கு மேலே உயரமாக ஒன்று தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவரைக் கூட்டிப் போனேன்.

அரை மணி நேரத்துக்கு மேல் நடந்திருப்போம். ஒரு பெரிய சாலையைக் கடந்தோம். நிழல் கிடையாது. என் பாட்டிலில் இருந்த தண்ணீரை அவருக்குக் கொடுத்தேன், அதுவும் தீர்ந்தது. மணி இரண்டு தாண்டியதும் அவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. அவள் காத்திருப்பாள், அவளுக்குக் காத்திருக்கவே பிடிக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இந்த வெயிலில் ஒரு வயதான அம்மா தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்கும் கவலை. மூன்றேகாலுக்கு மகளைப் பள்ளியிலிருந்து அழைக்க வேண்டும். அது வேறு. இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான் என்று அவரையும் என்னையும் தேற்றிக்கொண்டே போனேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் அது புகைபோக்கியே இல்லை. தண்ணீர்த் தொட்டி.

பெரியவர் அதை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அங்கேயே ஒரு வீட்டின் முன் புல்லில் உட்கார்ந்துவிட்டார். முகம் சிவந்து, உதடு வெளுத்திருந்தது. நான் தாள்களால் அவருக்கு விசிறினேன். வீட்டுக் கதவைத் தட்டினேன், ஆள் இல்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. அவசர உதவிக்கு எந்த எண்ணை அழைப்பது என்பதுகூட அந்தப் பதற்றத்தில் நினைவுக்கு வரவில்லை.

அப்போதுதான் ஒரு கார் எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. கண்ணாடியை இறக்கிய அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கார் முகப்பில் சின்ன மாதா சிலை. என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு, நேராகத் தமிழிலேயே கேட்டார். "என்ன பிள்ளை, இந்த வெயிலுக்குள்ள இவரை வச்சுக்கொண்டு நிக்கிறியள்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "மில்லைத் தேடி வந்தோம் அன்ரி. எங்க இருக்குன்னே தெரியல. இவரோட மனைவி அங்க காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன். இலங்கைத் தமிழர்கள் இங்கே பெரியவர்களை அப்படி அழைப்பதைக் கேட்டிருந்தேன், அது தானாகவே வாயில் வந்தது.

"வெரிபீல என்ன மில்?" என்றார் அவர். "நான் மன்னாரில இருந்து வந்து இருபது வருசமா இங்கதான் இருக்கிறன். ஒரு மில்லும் இல்லை. முதல்ல ரெண்டு பேரும் காருக்குள்ள ஏறுங்கோ."

ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை முடிந்து வருகிறவர் அவர். காருக்குள் குளிர்ச்சியாக இருந்தது. தண்ணீரும் ஒரு பன்னும் கொடுத்து, பெரியவரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தார். அப்புறம் புத்தகத்தை வாங்கினார். நான் ஒரு மணி நேரத்துக்கு மேல் கையில் வைத்திருந்தும் செய்யாத ஒன்றைச் செய்தார். மடித்திருந்ததை விரித்து அட்டையைப் பார்த்தார்.

"பிள்ளை, இது இங்கிலாந்தில இருக்கிற ஊர்."

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன். அட்டையை என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். வட இங்கிலாந்தில் ஏதோ ஒரு சிறிய ஆலை நகரம். பச்சை மலை, செங்கல் புகைபோக்கி, மழை பெய்து நனைந்த தெரு. உள்ளே ஒவ்வோர் இடத்துக்குப் பக்கத்திலும் பென்சிலால் டிக் போட்டிருந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன், இனிமேல் போக வேண்டிய இடங்கள் என்று நினைத்திருந்தேன்.

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியென்றால் அவள் எங்கே?" என்று என்னிடம் கேட்டார்.

அன்ரி போலீசுக்குப் போன் செய்தார். ஒரு முதியவரைக் காணவில்லை என்று அவர்களிடம் ஏற்கெனவே புகார் வந்திருந்தது. பத்து நிமிடத்தில் ஒரு போலீஸ்காரர் வந்தார். அவர் கேட்டதெல்லாம் என் பெயரும் போன் நம்பரும்தான். நான் பயந்துபோய் விசா நம்பரைச் சொல்லத் தொடங்கினேன். அன்ரி என் கையைப் பிடித்து, "அது ஒண்டும் வேண்டாம் பிள்ளை" என்று அடக்கினார்.

பின்னாலேயே பெரியவரின் மகள் வந்தார். ஐம்பது வயது இருக்கும். காரைப் பாதி சாலையில் விட்டுவிட்டு ஓடிவந்தார். அப்பாவைக் காரில் உட்கார வைத்துவிட்டு, மருந்துக் கடைக்குள் போய்த் திரும்புவதற்குள் அவர் இறங்கிப் போயிருக்கிறார். மகள் ஸ்டேஷனைச் சுற்றியே ஒரு மணி நேரமாகத் தேடியிருக்கிறார். நான் நடந்ததைச் சொன்னதும் என்னைப் பார்த்துக் கத்தினார். ஏன் கூட்டிப் போனாய், அங்கேயே நின்றிருந்தால் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேனே என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை.

அப்புறம் அவர் அப்பாவின் அருகில் குனிந்தார். பெரியவர் அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். மகள் அவர் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, அம்மா இன்றைக்கு வரமாட்டார்கள் அப்பா என்று மெல்லச் சொன்னார். எனக்கு அப்போதுதான் விளங்கியது.

போலீஸ்காரர் அழைத்த ஆம்புலன்ஸ் வந்து பெரியவரை ஏற்றிக்கொண்டு போனதும், அன்ரி என்னைப் பள்ளிக்கு அழைத்துப் போனார். மணி நாலு. என் மகள் அலுவலக அறையில் கால்களை ஆட்டியபடி படம் வரைந்துகொண்டிருந்தாள். அவளைக் கட்டிக்கொண்டு நான் அழுதது எதற்கென்று அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் சரியாகப் புரியவில்லை.

நான்கு நாள் கழித்துப் பெரியவரின் மகள் போனில் கூப்பிட்டார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டார். அப்பா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார் என்றார். அந்த ஆலை நகரம் தன் அம்மா பிறந்த ஊர் என்றார். மூன்று வருடத்துக்கு முன் மூவரும் அங்கே போயிருக்கிறார்கள். அம்மாதான் ஒவ்வோர் இடத்தையும் காட்டிவிட்டு, புத்தகத்தில் டிக் போட்டிருக்கிறார். அங்கேயும் ஒரு நாள் பெரியவர் வழி தவறி, மனைவி டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தாராம். கோபத்தில் கேக்கையெல்லாம் அவரே சாப்பிட்டுவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிக் குடும்பமே சிரிக்குமாம். அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது என்றார்.

வைக்கும் முன், ஒன்று சொல்ல வேண்டும் என்றார். ஆஸ்பத்திரியில் நர்ஸ்களிடமெல்லாம் அவருடைய அப்பா, அருமையான ஊர், ஒரு பெண் எனக்காக பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு முழுக்கச் சுற்றிக் காட்டினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். இப்படி அவர் சந்தோஷமாகப் பேசி வெகுநாள் ஆகிறது என்றார். நான் நன்றி சொன்னேனா, மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு ஞாபகமில்லை.

இன்று என்னிடம் வழி கேட்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் பழகிவிட்டேன். ஆனால் தள்ளாத வயதில் ஒருவர் வந்து கேட்டால், கூடவே நடக்கத் தொடங்காமல் முதலில் அவரை நிழலில் உட்கார வைக்கிறேன். இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறேன்.