ஹாலிலிருந்து கிச்சனுக்கு இரண்டு வாந்தி தூரம்

14 ஜூன் 2008, சனி, காலை 11.20. வாந்தி: இரண்டு.

நாவலூரில் இன்னும் கட்டாத ஃபிளாட்டை, தலையில் மாட்டும் திரையில் சுற்றிக் காட்டுவது என் வேலை. இந்த வாரம் ஒரு புக்கிங் வராவிட்டால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இன்று செங்கல்பட்டிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். திரையை மாட்டியதும் அந்த அம்மா, பஸ்ஸுக்கு எடுத்துவந்த எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டார். நான் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினேன்.

“தம்பி, மெதுவா ஓட்டுப்பா. கொமட்டிக்கினு வருது.”

“நாற்காலியிலதான்மா உக்காந்திருக்கீங்க. எதுவும் ஓடல.”

“அப்ப ஜன்னலாண்ட நிறுத்து!”

நிறுத்தினேன். ஜன்னல் இருந்தது, காற்று இல்லை. அங்கே ஒன்று, கிச்சன் வாசலில் ஒன்று.

கண்ணுக்கு அசைவு தெரிகிறது, உடம்பு அசையவில்லை, அதனால் மூளை குழம்புகிறது என்று விளக்கினேன். அவர் கேட்கவில்லை.

“வூடு நல்லாத்தான் கீது. கிச்சன்தான் ரொம்ப தூரம். டெய்லி யாரு போய் வர்றது?”

மேனேஜர் பாய்ந்து வந்தார். “தூரமே இல்லம்மா, டிரைவர் சரியில்ல. திங்கக்கிழமை வாங்க, வேற ஆளைப் போடறேன்.”

வருவதாகச் சொல்லிப் போனார்கள். ஆபீஸில் வேறு ஆள் கிடையாது. எனவே:

1. வேகத்தைப் பாதியாகக் குறைப்பேன்.
2. ஜன்னல் வரும்போது டேபிள் ஃபேன் போடுவேன்.
3. மீசையை எடுப்பேன். அப்போது அவர்களுக்கு என்னை அடையாளம் தெரியுமா? இந்த வலைப்பூவில் இருக்கும் என் புரொஃபைல் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.