தெருவுக்கு ஒரு நோயாளி

கல் உடைக்கும் ஆலைக்குப் பின்புறம் இருந்த தொழிலாளர் குடியிருப்பில் முப்பத்திரண்டு வீடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒன்றரை அறை. டாக்டர் இருந்த நகரத்துக்குக் காலையில் ஒரு பேருந்து, திரும்பி வர மாலையில் ஒரு பேருந்து. போய்வந்தால் ஒரு நாள் வேலை போய்விடும். பன்னிரண்டாம் வீட்டில், பாறையில் துளைபோடும் இயந்திரத்தை இயக்குபவரும், அவர் மனைவியும், அவருடைய அக்காவும், இரண்டு பெண்களும் இருந்தனர். மூத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். இந்த வரலாறு இளையவளுடையது.

நோய் அந்தத் தெருவில் எல்லாருக்கும் வந்தது. டாக்டரிடம் போனது மட்டும் அவளுடைய அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, ஒருவர்தான்.

அத்தைக்கு ஆலை அலுவலகத்தை மாலையில் பெருக்கித் துடைக்கும் வேலை. ஆகவே பகல் அவருக்குச் சொந்தமாக இருந்தது. மாதத்தில் முதல் செவ்வாயன்று காலைப் பேருந்தில் போய், டாக்டர் முன் உட்கார்ந்து, தெருவிலுள்ள நோய்கள் அனைத்தையும் தம்முடையவையாகவே சொல்லி மருந்து வாங்கி வருவார். எலும்பு முறிந்தவர்களும் கைக்குழந்தைகளும் மட்டும் நேரில் போனார்கள். அவற்றை அத்தையால் தமக்கு வந்ததாகக் காட்ட இயலவில்லை. மற்றபடி, ஐம்பத்தொரு வயதில் அவர் மசக்கை வாந்திக்குக்கூட மருந்து கேட்டிருக்கிறார். டாக்டர் அஜீரணம் என்று எழுதினார். மருந்து பலித்தது, அதாவது, ஐந்தாம் வீட்டு மருமகளுக்குப் பலித்தது.

பதினோரு வயதிலிருந்து இளையவள் கூடவே போனாள். அத்தைக்கு எழுதத் தெரியாது. எந்த வீட்டுக்கு என்ன நோய், எந்த மாத்திரை என்பதை அவள் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதி, மாலையில் வீடு வீடாகக் கொடுத்து வந்தாள். பரிசோதித்தால் அத்தையின் உடம்பில் எதுவுமே அகப்படாது. அடுத்த மாதம் வேறு ஆறு நோய்களோடு வந்து நிற்பார். ஒரு முறை டாக்டர் மூன்று மருத்துவ மாணவர்களை வரவழைத்து அத்தையைக் காட்டினார். தெருவில் அதைப் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

இளையவளுக்குப் பதினாறு வயதானபோது அப்பாவுக்கு இருமல் கண்டது. இரண்டு மாதத்தில் ஆலை மேட்டில் மூச்சு வாங்காமல் ஏற முடியவில்லை. மூன்றாம் மாதம் உட்கார்ந்தபடியே தூங்கினார். டாக்டரிடம் வரச் சொல்லி அவள் கெஞ்சினாள். கிணற்றுத் தண்ணீரை வெள்ளமா கொண்டுபோகப் போகிறது, அக்கா போகும்போது சொல்லட்டும் என்றுவிட்டார்.

அத்தை போய்ச் சொன்னார். தம்பி இருமுவதைப் போலவே இருமியும் காட்டினார். டாக்டர் கவலைப்பட்டு மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். நுரையீரல் கண்ணாடி போல இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார். அந்தப் படத்தை அத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று பன்னிரண்டாம் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அப்பா அதை வெளிச்சத்தில் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு அம்மா அதைக் கண்ணாடி உடைந்த ஜன்னலில் பொருத்திவிட்டார். தூசி கொஞ்சம் குறைந்தது.

"அப்பா, அது அத்தையோட நுரையீரல்" என்றாள் இளையவள்.

"ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க. எனக்கு மட்டும் வேற கம்பெனியில வாங்கியா வச்சாங்க?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படமே இருந்தது. ஆனால் அப்பா இருமத் தொடங்கிவிட்டதால் சொல்லி முடிக்க முடியவில்லை. மறுநாள் அவர் வேலைக்குப் போனார். அதற்கடுத்த நாளும் போனார். இப்படி ஏழு மாதம்.

எட்டாவது மாதத்தின் முதல் செவ்வாயன்று, அத்தை வாயைத் திறப்பதற்கு முன் இளையவள் பேசினாள்.

"டாக்டர், அந்த இருமல் இவங்களுது இல்ல. எங்க அப்பாவுது."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அத்தை சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

"அப்போ அந்தக் காதுவலி?"

"பதினேழாம் வீடு."

"வயித்தெரிச்சல்?"

"ஒம்பது. அப்புறம் இருபத்தொண்ணு."

டாக்டர் அத்தையின் பக்கம் திரும்பினார். "நீங்க காலைச் சாய்ச்சு நடக்கறீங்களே, அது யாரோடதும்மா?"

"அது என்னோடதுதான் டாக்டர். பட்டியல் பெருசா இருக்கும், அதனால சொல்றதில்ல."

டாக்டர் கோபப்பட்டதாகத் தெரியவில்லை. ஒன்பது ஆண்டுக் கோப்பை எடுத்துச் சிறிது நேரம் புரட்டினார். பிறகு, நாளைக் காலை அந்த இருமல்காரர் நேரில் வர வேண்டும், வராவிட்டால் இனி இந்த அம்மாளுக்கும் மருந்து கிடையாது என்றார்.

செய்தி முப்பத்திரண்டு வீட்டுக்கும் போயிற்று. ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பெற்ற அப்பனையே காட்டிக்கொடுத்தவள் என்றார்கள், குடும்பத்தைக் கெடுக்க வந்த கோடரிக்காம்பு என்றார்கள். அம்மா அவளோடு பேசவில்லை. ஆனால் மாத்திரை நின்றுபோவதை யாரும் விரும்பவில்லை. காலையில் ஒன்பதாம் வீட்டுக்காரரும் பதினேழாம் வீட்டுக்காரரும் வந்து, அப்பாவை ஆளுக்கொரு கையாகப் பிடித்துப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள்.

ஜன்னலிலிருந்து கழற்றிக் கொண்டுபோன படத்தையும் புதிதாக எடுத்த படத்தையும் டாக்டர் விளக்குப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். ஒன்று கறுப்பாகவும் தெளிவாகவும் இருந்தது. மற்றதில் மாவு தூவியது போல் எங்கும் வெள்ளைப் புள்ளிகள்.

"இது உங்க அக்காவுது. இது உங்களுது."

அப்பா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அவளுது நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கல்தூசி நுரையீரலில் படிந்து இறுகிவிட்டது, கரைக்க மருந்து இல்லை என்று டாக்டர் விளக்கினார். செய்யக்கூடியது ஒன்றே: அந்தத் தூசிக்குள் இனி ஒரு நாளும் போகக்கூடாது. ஏழு மாதம் முன்பே வந்திருந்தால் நுரையீரல் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று இளையவள் கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்து, இதைவிட அதிகம் என்றார். அதற்குமேல் துல்லியமாகச் சொல்ல அவர் மறுத்துவிட்டார்.

திரும்பும் பேருந்தில் அத்தை இரண்டு படங்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில், "நான் இன்னும் கொஞ்சம் நல்லா இருமியிருக்கணும்" என்றார். அப்பா இறங்கும் இடம் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் மகளிடம், "நீயே டாக்டராயிடு. நான் உன்கிட்டேன்னா நேர்ல வருவேன்" என்றார். கேலியாகச் சொன்னாரா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. அவள் அதை ஒப்பந்தமாகவே எடுத்துக்கொண்டாள்.

மருத்துவக் கல்லூரியில் முதல் முறை இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு நேர்முகத் தேர்வுக்கு அழைத்தார்கள். அவளுக்கு முன் போனவர்கள் அனைவரும் சேவை என்று சொல்லிவிட்டு வந்ததாக வாசலில் பேசிக்கொண்டார்கள். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தனர். ஏன் டாக்டராக வேண்டும் என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"எங்க தெருவுல முப்பத்திரண்டு வீடு, சார். நோயாளி ஒருத்தங்கதான். மிச்சப்பேரையும் யாராவது பாக்கணும்."

ஓரத்தில் இருந்தவர், புரியும்படி சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். பத்து நிமிடத்துக்கு ஒதுக்கிய நேர்முகம் நாற்பது நிமிடம் நடந்தது. இடம் கிடைத்தது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எத்தனை ஆண்டு ஆயிற்று என்று அப்பா கேட்பார். அவள் சொல்வாள். அவர் விரலை மடக்கி மீதியைக் கணக்கிட்டுக்கொள்வார்.

படிப்பும் பயிற்சியும் முடிய ஐந்தரை ஆண்டுகள். அவள் சேர்ந்த பிறகு அப்பா இருந்தது நான்கு ஆண்டுகள், இரண்டு மாதங்கள்.