குதிரைத் தலைக்கு ஒரு சந்தனப் பொட்டு

எங்கள் நாணயக் கழகத்தின் பதினோராவது விதியை எழுதியவன் நான். தரம் பார்ப்பதற்காக ஒப்படைக்கப்பட்ட காசு ஒருவரின் பொறுப்பில் இருக்கும்போது அதன் மேற்பரப்பு மாறினால், காரணம் எதுவாயினும், அவர் இனித் தரம் பார்ப்பவராக இருக்க முடியாது. ‘காரணம் எதுவாயினும்’ என்ற சொற்களுக்காக அன்று அரை மணி நேரம் வாதாடினேன். ஒருவர் வேறொருவரின் காசில் ஒலிவ் எண்ணெய் பூசிவிட்டு, சளிக்காய்ச்சலில் கை தவறியது என்று சொன்ன காலம் அது. காரணங்களுக்குக் கதவு திறந்தால் அவை வரிசையில் வந்து நிற்கும் என்றேன். எல்லாரும் கை உயர்த்தினார்கள். விதிவிலக்கு அளிக்கும் அதிகாரம் குழுவுக்கு உண்டு என்று யாரோ எழுதியிருந்த துணைப்பிரிவையும் அன்றே வெட்டிவிட்டேன்.

கொழும்பில் சுங்கத் திணைக்களத்திலும் பிறகு மெல்பேணில் ஓர் அரச அலுவலகத்திலும் என் வாழ்நாள் பொருள்களை வகைப்படுத்துவதிலேயே கழிந்தது. எந்த அட்டவணையிலும் ஒழுங்காக அடங்காத ஒரு பொருளை ஓய்வுக்காலத்தில் தேடினேன். அமெரிக்கா இன்னும் ஒழுங்கான ஒரு நாடாக ஆகாத காலத்தில், அதன் மாநிலங்கள் தாங்களே அடித்த செப்புக்காசுகள் அகப்பட்டன. அச்சுகளைக் கையால் வெட்டினார்கள். ஓர் அச்சைப்போல் இன்னொன்று இராது. ஒரு காசில் குதிரையின் பிடரி மயிர் மழுங்கியிருந்தால், அது கைபட்டுத் தேய்ந்ததா, பிறக்கும்போதே அப்படியா என்பதை அந்த அச்சைத் தெரிந்தவன்தான் சொல்ல முடியும். முதலில் தேய்மானத்துக்கு எழுபதுக்குள் ஓர் எண். பிறகு கீறல், அரிப்பு, நிறம் ஆகியவற்றுக்காக அதிலிருந்து கழிவு. எல்லாவற்றிலும் பெரிய கழிவு, காசைத் துலக்கியதற்கு. இருநூறு வருடப் பழுப்பு என்பது செம்பின் தோல். அதை உரித்தால் திரும்பி வராது. இதைப் பதினோரு வருடமாகப் புது உறுப்பினர்களுக்குச் சொல்லி வந்தவனும் நான்தான்.

சாதாரண உறுப்பினர்கள் வருடத்தில் இரண்டு முறைதான் கூடுவார்கள். தரம் பார்க்கும் மூவர் – தலைவர், செயலாளர், நான் – மட்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை டண்டினொங்கில் ஒரு மண்டபத்தின் பின்னறையில் கூடுவோம். எனக்கு வீட்டைவிட்டு வெளியேற இருந்த ஒரே கதவு அதுதான்.

நானும் மனைவியும் கிளென் வேவர்லியில் மகளின் வீட்டில் இருக்கிறோம். பாடசாலைக்காக வாங்கிய வீடு. பேரப்பிள்ளைகள் படித்து முடித்து வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். கடனும் நாங்களும் எஞ்சினோம். மருமகனின் கராஜ் கதவை நான் காரின் பின்பக்கத்தால் ஒருமுறை திறந்ததிலிருந்து கார்ச் சாவி அவரிடம் ‘பத்திரமாக’ இருக்கிறது. என் மேசை இருந்த இடத்தில் ட்ரெட்மில் நிற்கிறது. ஒரு கிழமை கைபடாத பொருளை மகள் தருமக் கடைக்குக் கொடுத்துவிடுவாள். என் பழைய உருப்பெருக்கிக் கண்ணாடி அப்படித்தான் போனது. நான் எங்காவது புறப்பட்டால், “ஏன் அப்பா? எதுக்கு? ஆரோடை?” என்று மூன்று கேள்விகள் வரும். சனிக்கிழமைக்கு மட்டும் கேள்வி இல்லை. அது ‘அப்பாவின் மீற்றிங்’.

இந்த நிலையில்தான் அந்த நியூ ஜெர்சிக் காசு என் கைக்கு வந்தது. ஒரு பக்கம் குதிரைத் தலை, அதன் கீழே கலப்பை. மறுபக்கம் கேடயம். அதன் சொந்தக்காரர் மதுரைப் பக்கத்து மனிதர், ஓய்வுபெற்ற பொறியியலாளர், மனைவியை இழந்தவர், டண்டினொங்கில் ஒரு சின்ன யூனிட்டில் தனியாக இருக்கிறார். அமெரிக்காவில் வேலை பார்த்த காலத்தில் தெருச்சந்தையில் வாங்கியது. கழகத்தில் ஒரு முன்னாள் நில அளவையாளர் அதைப் பார்க்காமலே, “உங்கள் குதிரைக்கு வயது நாற்பதுகூட இராது” என்று இரண்டு வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தார். போலி என்று சொல்கிறாராம். தரம் பார்ப்பவருக்குக் காசின் சொந்தக்காரர் யாரென்று தெரியக்கூடாது என்பது நான்காவது விதி. கழகத்தில் குதிரை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

முதலில் பார்க்கும் முறை எனக்கு. ஒரு சனிக்கிழமை பொறுப்பேற்று மூன்று பிரதிகளில் ரசீது எழுதினேன்: ‘பழுப்பு நிறம். தொடப்படாத மேற்பரப்பு.’ மற்ற இருவரும் மூடிய பையைத்தான் பார்த்தார்கள். ஒருவர் எண் போடும்வரை அடுத்தவர் காசைப் பார்க்கக்கூடாது என்பது ஐந்தாவது விதி. பகலில் வீட்டில் யாரும் இல்லாதபோது குசினி யன்னலருகே கதிரையைப் போட்டு, நாலு நாள் அதைப் பார்த்தேன். பாலில்லாத கோப்பியின் நிறம். எழுத்துகளின் இடுக்கில் இன்னும் கறுப்பு. கலப்பையின் ஒரு கைப்பிடி மங்கல், ஆனால் அது அச்சின் குறை. போலி அல்ல. யாரும் ஒருநாளும் துலக்கவில்லை. முப்பது என்று எண் போட்டேன். இத்தகைய காசுக்கு அது மரியாதையான எண்.

பார்க்காத நேரத்தில் எங்கே வைப்பது? மகளின் கை படாத இடம் அந்த வீட்டில் ஒன்றுதான் உண்டு: படிக்கட்டின் கீழே இருக்கும் சாமியறை. பருத்தித் துணிப்பையில் போட்டு, பிள்ளையாருக்குப் பின்னால் வைத்தேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

உலகத்து நடைமுறைகள் எல்லாம் தெரிந்த எனக்கு, நாற்பத்தாறு வருடமாக என் வீட்டில் நடக்கும் ஒரு நடைமுறை நினைவுக்கு வரவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் சாமியறைச் சாமான் எல்லாம் பழப்புளி போட்டு விளக்கப்படும்.

வெள்ளி காலை கைவிட்டுத் துழாவினேன். பை இல்லை. பிள்ளையாருக்குப் பக்கத்தில், குத்துவிளக்கின் அடியில், வெற்றிலையின் மேல் காசு சாய்ந்து நின்றது. புதிதாகத் தோலுரித்த இளஞ்சிவப்பு. குதிரையின் நெற்றியில் சந்தனப் பொட்டு.

“இஞ்சாருங்கோ, கண்டியளே?” என்று மனைவி பின்னால் வந்து நின்றாள். “துணிக்குள்ளை கிடந்து கறுத்துப் போச்சு அந்தத் தகடு. பழைய பிரஷாலை தேய்ச்சு எடுத்தன். இப்ப பாருங்கோ, பொன் மாதிரி.”

“எந்தத் தகடு?”

“ஹயக்கிரீவர் தகடு. பிள்ளையளின்ரை படிப்புக்கெண்டு மகள் இந்தியாவிலையிருந்து கொண்டு வந்திருப்பாள்.”

“கீழை கலப்பை கிடக்குதே. ஹயக்கிரீவருக்கு என்னத்துக்குக் கலப்பை?”

“நான் அதை வாகனமெண்டு நினைச்சன்.”

“பிள்ளையள் படிச்சு முடிச்சுப் போட்டினமெல்லே?”

“முடிச்சாப்போலை சாமியை ஊத்தையா விடுறதோ?”

சாமியறையில் வைத்தது சாமிச் சாமான். வியாழக்கிழமை சாமிச் சாமான் விளக்க வேண்டும். அவள் தன் விதியை ஓர் எழுத்தும் பிசகாமல் நிறைவேற்றியிருந்தாள். பிழை, தவறான பிரிவின் கீழ் பொருளைப் பதிந்தவனுடையது. சுங்கத்தில் இருந்திருந்தால் எனக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதியிருப்பேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் அழுவாள். மகள் வந்து விசாரிப்பாள். முடிவில் சாமியறையும் எனக்குத் தடை செய்யப்படும்.

அடுத்த கூட்டத்துக்கு எட்டு நாள் இருந்தது. முதல் நாள்களில் நான் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ஒவ்வொரு வழியையும் திறந்து பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் என் கையெழுத்திலேயே ஒரு விதி நின்றது. பொறுப்பை இன்னொருவருக்கு மாற்ற முடியாது: ஆறாம் விதி. காசைத் தரம் பார்க்காமல் திருப்பிக் கொடுக்க முடியாது: ஒன்பதாம் விதி. ஒரு நல்ல சிறைச்சாலையைக் கட்டத் தெரிந்தவன் என்று அப்போதுதான் என்னைப் பற்றித் தெரிந்துகொண்டேன்.

ஒரு வழிக்கு மட்டும் விதி இல்லை. துலக்கிய செம்பை மறுபடி பழுப்பாக்கலாம். கந்தகத் தூளை வசலினில் குழைத்துப் பூசி மெல்லச் சூடாக்க வேண்டும். இதைச் செய்பவர்களைப் பிடிப்பதில்தான் எனக்குப் பெயர். பொய்ப் பழுப்பு எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். மெய்ப் பழுப்பு மேட்டில் வெளிறி, பள்ளத்தில் கறுத்திருக்கும். பிடிக்கத் தெரிந்தவனுக்கு, பிடிபடாமல் செய்யவும் தெரியும். மகள் ரோஜாச் செடிகளுக்கு வாங்கிய கந்தகப் பொட்டலம் தோட்டக் கொட்டிலில் இருந்தது. திங்கட்கிழமை அதை ஒரு கரண்டியில் எடுத்துக் குழைத்தும் விட்டேன்.

“என்னப்பா, குசினிக்குள்ளை ஒரே வெடி மணம்?”

“ரோசாவுக்கு மருந்து.”

“ரோசா வெளியிலையெல்லோ நிக்குது.”

கரண்டியைக் கழுவினேன். மனச்சாட்சியால் அல்ல. அப்படிச் செய்தால், அந்தப் பொய்ப் பழுப்பை மெய் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டியவனும் நானே. என் கண்ணை நானே ஏமாற்றுவதற்கு எனக்கு முறை தெரியவில்லை.

புதன்கிழமை காசின் சொந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். பஸ் பிடித்து வந்தார். கடைத்தொகுதியில், சாப்பாட்டுக் கடைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மேசையில் உட்கார்ந்தோம். கைக்குட்டையை விரித்துக் காட்டினேன்.

“அட, சூப்பரா இருக்கே சார்! புதுசு மாதிரி.”

“அதுதான் பிரச்சினை.”

நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் தோள் குலுங்கியது. ஹயக்கிரீவர் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள்.

“பொட்டு வேறயா? எங்க வீட்லயும் வியாழக்கிழமை புளிதான் சார். அவ இருந்திருந்தா இது எப்பவோ நடந்திருக்கும். சரி, என்ன மார்க் போட்டிருந்தீங்க?”

“முப்பது.”

“இப்ப?”

“பன்னிரண்டு.”

சிரிப்பு நின்றது. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பதினெட்டு போச்சா...” என்றார் மெதுவாக. பிறகு, “உங்களுக்கு என்ன ஆகும்?” என்று கேட்டார்.

பதினோராவது விதியைச் சொன்னேன்.

“விடுங்க சார். நானே தேய்ச்சுக் குடுத்தேன்னு சொல்லிடறேன். எனக்கென்ன பதவியா போகப்போகுது?”

“ரசீதிலை ‘தொடப்படாத மேற்பரப்பு’ எண்டு நான் எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கிறன்.”

“ரசீது தொலையாதா?”

“மூண்டு பிரதி.”

“மூணா! எவன் சார் இந்த ரூல் போட்டது?”

நான் கோப்பியைக் குடித்தேன். அவருக்குப் புரிந்தது. “மன்னிச்சுக்குங்க” என்றார்.

ரசீது இல்லாவிட்டாலும் அவருடைய யோசனை உதவாது என்பதை அவருக்கு விளக்கினேன். அந்தக் காசை அதன் தோலோடு பார்த்த நிபுணன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அவர் தானே தேய்த்ததாகச் சொன்னால், நில அளவையாளர் சாகும்வரை குதிரையின் வயதைக் கேட்பார். என் பொறுப்பில் கெட்டது என்று நான் எழுதினால்தான், கெடுவதற்கு முன் அது நன்றாக இருந்தது என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி இருக்கும்.

“அப்ப உங்க சனிக்கிழமை?”

“அது போகும்.”

அவர் எழுந்து போய் எனக்கு இன்னொரு கோப்பி வாங்கி வந்தார். நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் அறிக்கையை வாசித்தேன். முதலில் முப்பது, என் பொறுப்பில் துலக்கப்பட்டது, இப்போது பன்னிரண்டு, உண்மையான காசு, அதில் ஐயமில்லை. யார் துலக்கினார் என்று எழுதவில்லை. விதி அதைக் கேட்கவில்லை. அதற்காகவாவது ‘காரணம் எதுவாயினும்’ பயன்பட்டது. எதனால் துலக்கியது என்று மட்டும் கேட்டார்கள். பழப்புளி என்றால் என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. செயலாளர் அதைக் குறித்துக்கொண்டார். தன் வீட்டுப் பித்தளைக் கைப்பிடிகளுக்கு உதவும் என்றார்.

தலைவர் நல்ல மனிதர். “இந்த முறை மட்டும் விட்டுவிடலாமே, விலக்கு அளிக்க ஏதோ ஒரு பிரிவு இருந்ததே?” என்று விதிப்புத்தகத்தைப் புரட்டினார். அது வெட்டப்பட்டுவிட்டது என்று சொன்னேன். யார் வெட்டியது என்று அவர் கேட்கவில்லை.

பிறகு ஒரு சிக்கல். ஒருவரை நீக்கும் கடிதம் எப்படி எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானே எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திட வேண்டிய இடத்தில் பென்சிலால் கோடும் போட்டேன்.

அந்தக் கடிதம் அதற்கு அடுத்த வாரம் தபாலில் வந்தது. திறந்து பார்த்தேன். திகதி இருந்தது. கோட்டின்மேல் கையெழுத்து இல்லை. கையெழுத்தில்லாத கடிதம் செல்லாது. அதை மேசை இழுப்பறையில் போட்டிருந்தால் – எனக்கு மேசை இல்லை, ஆனாலும் எங்காவது போட்டிருந்தால் – வருடக் கடைசிவரை நான் பதவியில் இருந்திருப்பேன். அங்கே யாரும் கவனிக்கப்போவதில்லை. அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறியிருக்கலாம்.

குசினி மேசையில் அதை விரித்து வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்தாள்.

“என்ன கடிதம்? கிளப்போ?”

“ஓம்.”

“வாற சனி இருக்காமோ?”

“இல்லை. இனி இல்லை.”

“ஏன், பூட்டிப்போட்டினமோ?”

“அப்பிடித்தான்.”

“நல்லதாப் போச்சு. குளிருக்குள்ளை ரண்டு பஸ் ஏறி இறங்கத் தேவையில்லை. இண்டைக்கு வியாழன், அந்தப் பெரிய விளக்கைத் தூக்கித் தாங்கோ, எனக்கு இடுப்பு நோகுது.”

விளக்கைத் தூக்கிக் குசினியில் வைத்தேன். சாமியறையில் வேறு ஏதும் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பிறகு கடிதத்தை எடுத்து, கையெழுத்திட வேண்டிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, ‘திருத்தத்துக்காகத் திருப்பப்படுகிறது’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி, என் முகவரியிட்டு முத்திரை ஒட்டிய உறையையும் உள்ளே வைத்து, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தது. இம்முறை எல்லாம் முறைப்படி இருந்தது.