நாலாம் மேசையின் மூச்சு

நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. கதை விடுகிறேன் என்பவர்கள், இன்றுவரை மடங்காத என் நடுவிரலைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

உடற்கூறியல் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியவன் நான். மூன்றாவது முறையும் போனால் மருத்துவப் படிப்புக்கே முழுக்கு. மறுநாள் வாய்மொழித் தேர்வு. பிணங்களை அறுத்துப் படிக்கும் அறுவைக்கூடத்தின் பொறுப்பாளர் கதவைத் திறக்கும்போதே எரிந்து விழுந்தார்.

“அஞ்சு மணிக்குப் பூட்டிடுவேன். உள்ள இருந்தா உள்ளயே கிட.”

மணி 4:10. ஜன்னலில் இன்னும் வெயில் இருந்தது. ஆறு மேசைகள், ஆறு உடல்கள். எங்கள் குழுவின் மேசையில் வேறு யாரோ படித்துக்கொண்டிருந்தார்கள். நாலாம் மேசைக்குப் போனேன். சற்று நேரத்தில் அவர்களும் கிளம்பிவிட்டார்கள்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரைதான் உதரவிதானம். குழாய்களை உருவிவிட்டால் அதில் மூன்று துளைகள் தெரியும். பெருஞ்சிரைக்கு ஒன்று, உணவுக்குழாய்க்கு ஒன்று, பெருந்தமனிக்கு ஒன்று. முதுகெலும்புக் கணக்கில் எட்டாவது, பத்தாவது, பன்னிரண்டாவது எலும்பின் உயரத்தில். ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை அதே வரிசையில் துளைக்கொன்றாக விட்டு ஒப்பிப்பது எங்கள் வழக்கம்.

விட்டேன். எரிச்சலில் வாய் சும்மா இருக்கவில்லை.

“செத்தும் என் உயிரை வாங்குறியே.”

4:22. ஆள்காட்டி விரலைச் சுற்றி இடம் கூடியது. பிரமை என்று நினைத்தேன். அடுத்த நொடி நடுவிரலை ஏதோ இறுக்கியது. மோதிர விரலில் மட்டும் மாற்றமே இல்லை.

மூச்சை உள்ளே இழுத்தால் சிரைத் துளை விரியும். உணவுக்குழாய்த் துளை இறுகும். தமனி திரைக்குப் பின்னால் போவதால் அதற்கு ஒன்றும் ஆகாது. பாடம் அதுதான்.

அது மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது.

ஸ்ஸ்ஸ்...

கையை இழுத்தேன். வரவில்லை.

“மன்னிச்சிடுங்க...”

இன்னும் இறுகியது...

4:23.

டக்.

என் எலும்பு.

ஹா...

பிடி தளர்ந்தது. ஓடினேன்.

மறுநாள் விரலில் கட்டோடு உட்கார்ந்தேன். தேர்வாளர் மூடி முத்திரையிட்ட கண்ணாடி ஜாடி ஒன்றை என் முன் தள்ளினார். உள்ளே ஓர் உதரவிதானம்.

“மூச்சை இழுக்கும்போது உணவுக்குழாய்த் துளை என்ன ஆகும்?”

என்னைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தத் துளையைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஐந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு வாசலைக் காட்டினார். என் படிப்பு அதோடு முடிந்தது.

வெளியே பொறுப்பாளர் நின்றார்.

“அந்த ஜாடியில இருக்கறது எந்த உடம்போடது?”

“நாலாம் மேசை. எடுத்து மூணு வாரம் ஆச்சு. அந்த இடத்துல இப்ப வெறும் பள்ளம்தான்.”