சாறன் கட்டிய குதிரை

எங்கள் வீட்டில் குதிரை நின்றது ஒரே ஒரு மாரியில்தான். அது எண்பத்தொன்றில் என்று வாப்பா சொல்வதுண்டு. அது பிழை. சூறாவளி அடித்தது எழுபத்தெட்டுக் கார்த்திகையில். குதிரை வந்தபோது, அதில் பறந்த எங்கள் குசினிக் கூரைக்கு இன்னும் ஓடு போடவில்லை. தகரமும் கிடுகுமாகவே கிடந்தது. ஆகவே அது அடுத்த மாரி, எழுபத்தொன்பதின் கடைசி. எனக்கு எட்டு வயது.

கொண்டுவந்தவர் உம்மாவின் கடைசித் தம்பி. நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த குதிரையை மரக்கறி லொறியில் ஏற்றி, கோவா மூட்டைகளுக்குப் பின்னால் நிறுத்தி, கல்முனைக்குடியில் இறக்கினார். மலைக் குளிரில் நின்ற குதிரைக்கு எங்கள் மழையும் வாடைக்காற்றும் ஒரு பொருட்டா என்றார். வந்த வாரமே அது இருமத் தொடங்கியது.

குதிரை வளர்க்க ஊரில் எவருக்கும் தெரியாது. மாமாவுக்குத் தெரிந்தது வண்டி மாடுதான். மாட்டுக்குச் செய்வதையெல்லாம் அதற்கும் செய்தார். தவிட்டுக் கஞ்சியைச் சுடச்சுட வைத்தார். நெஞ்சில் கருஞ்சீரக எண்ணெய் தடவினார். லெப்பையிடம் போய்த் தண்ணீர் ஓதி வாங்கிவந்தார். குளிருக்கு, மருதமுனைத் தறியில் நெய்த புதுச் சாறன்கள் இரண்டைச் சேர்த்துத் தைத்து முதுகில் கட்டினார். புதுச் சாறனைக் கண்டதும் தெருவே கூடிவிட்டது.

“என்ன மச்சான், குதிரைக்குச் சுன்னத்துக் கலியாணமா?”

“ஓம். ஒனக்கு முடிஞ்சிட்டா, இல்லாட்டி ரெண்டு பேருக்கும் ஒண்டாச் செய்வம்” என்றார் மாமா.

விடியச் சுபஹ் தொழுததும் குதிரையை ஈரமணலில் நடத்துவார். முதலில் மருதமுனை வரை, பிறகு மேற்கே வயல் வெள்ளத்துக்குள்ளால் சவளக்கடை வரை, மார்கழியில் அக்கரைப்பற்று வரை என்று தூரம் கூடிக்கொண்டே போனது. திரும்பி வந்ததும் அதன் நெஞ்சில் காதை வைத்து நெடுநேரம் கேட்பார். பிறகு குசினி வாசலில் வந்து நிற்பார்.

“ராத்தா, இண்டைக்கு எப்பிடி?”

“குதிரையவிட நல்லம்” என்பா உம்மா.

உம்மா அந்த ஐப்பசியில் இரண்டு தடவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தா. நெஞ்சில் வாய்வு என்று எனக்குச் சொன்னார்கள். கிணற்றில் ஒரு வாளி இழுத்தால் கிணற்றுக் கட்டின் மேல் உட்கார்ந்துவிடுவா. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. என் பயமெல்லாம் குதிரையின் இருமலில்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண், பெண் வீட்டில் போய் இருப்பதுதான் வழக்கம். பெரிய மாமா அப்படித்தான் பொத்துவிலுக்குப் போனார். சூறாவளி அடித்த கிழமை உம்மாவின் வாப்பா மௌத்தானபோது பாதையெல்லாம் மரம் விழுந்து, வெள்ளம் நின்று, பஸ் ஓடவில்லை. பெரிய மாமா நடந்தே வந்து சேர்ந்தார். அதற்குள் உடலைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கி, அடக்கியும் விட்டார்கள். இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. இப்போது கடைசி மாமாவுக்கும் பொத்துவிலில்தான் பெண் பேசியிருந்தது.

ஒரு பின்னேரம் உம்மாவும் மாமாவும் குதிரையருகில் நின்று கதைத்தார்கள். என் காதில் விழுந்தது உம்மா சொன்னது மட்டும்.

“அஸருக்குத் தூக்கிடுவாங்க தம்பி. ஒனக்காகப் பாத்திட்டிருக்க மாட்டாங்க.”

பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில், வென்ற இல்லத்தார் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியதை நான் பார்த்திருந்தேன். பொத்துவிலில் இருந்து ஒரு பந்தயம், பின்னேர அஸர் தொழுகைக்கு முன் வந்து சேராவிட்டால் கிண்ணத்தை வேறு யாரோ தூக்கிவிடுவார்கள் என்று விளங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் குதிரைக்காக துஆக் கேட்டேன்.

தை பிறந்தும் மழை விடவில்லை. தெற்கே பாதையில் வெள்ளம் ஏறி பஸ் நின்ற சமயத்தையே மாமா அந்தப் பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்தார். முன்கூட்டியே பொத்துவிலுக்குப் போய்க் குதிரையை ஆறவிட்டு, சனிக்கிழமை சுபஹோடு புறப்பட்டு வருவதாக ஏற்பாடு.

அன்று மத்தியானம் லுஹர் தொழுத கையோடு உம்மா வேலிக் கடப்பலடியில் வந்து நின்றா. உள்ளே வரும்படி வாப்பா சத்தம் போட்டும் வரவில்லை. முக்காட்டின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு, தெருமுனையையும் பள்ளிவாசலையும் மாறிமாறிப் பார்த்தேன். பாங்கு தொடங்கியது. தெரு வெறிச்சென்று கிடந்தது. பாங்கும் முடிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் குதிரை தெருமுனையில் திரும்பியது. வயிறுவரை சேறு, சாறனில் ஒரு பாதியைக் காணோம். இருமவில்லை.

“பிந்திட்டுது” என்று நான் அழுதேன்.

“இல்ல மகள். பாங்குதானே முடிஞ்சிருக்கு. தொழுதிட்டுத்தான் தூக்குவாங்க” என்றா உம்மா. பிறகு மாமாவை நிமிர்ந்து பார்த்து, “ஓம் தம்பி, இது போதும். இனிப் போய்க் கலியாணத்த முடி” என்றா.

மாமா இறங்கினார். நான் அவருடைய இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

“கிண்ணம் எங்க மாமா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது உம்மாதான். மாமா குதிரைப் பக்கம் திரும்பி, அவிழ்ந்தே கிடந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“அது இப்ப வேணாம் மகள்” என்றா உம்மா. “நல்லாப் பிந்தித் தரட்டும்.”

மழைக்குள் அவ்வளவு தூரம் ஓடி வென்ற பிறகு, கிண்ணம் பிந்தட்டும் என்று ஒருவர் ஏன் ஆசைப்பட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அன்று மஃரிபுக்குப் பிறகு, அது சீக்கிரம் கிடைக்க வேண்டுமென்று துஆக் கேட்டேன்.